கடைவீட்டு அலுவலகத்தில் கம்பியில்லாத் தொலைபேசி: கேபிளுக்கும் அலைக்கும் முன்கூட்டியே திட்டம் தேவை

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபு பசார், லெபு பினாங், லெபு குயின் என லிட்டில் இந்தியா வட்டாரத்தில் பல அலுவலகங்கள் பழைய கடைவீடுகளில்தான் இயங்குகின்றன. கீழே துணிக்கடையோ நாணய மாற்று வணிகமோ நடக்கும். மேல்மாடியில் கணக்கர், வழக்கறிஞர், பயண முகவர், சரக்கு அனுப்பும் நிறுவனம் என்று வேறு தொழில்கள் நடக்கும். இங்கே மேசைத் தொலைபேசிக்குப் பதிலாகக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் கம்பியில்லாத் தொலைபேசியைப் பொருத்துவோர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. முன்கூடத்தில் தெளிவாகக் கேட்கும் குரல், பின்கட்டுக்குப் போனதும் அறுந்துவிடுகிறது என்பதே அது.

பழி பெரும்பாலும் கருவியின் மீது விழுகிறது. உண்மையில், அலை எங்கே போகும், கேபிள் எந்த வழியில் வரும் என்று பார்க்காமலேயே பெட்டிகளை மாட்டியதுதான் காரணமாக இருக்கும். சிறு நிறுவனத்துக்குத் தவறிய ஓர் அழைப்பு என்பது கைநழுவிய ஒரு வாடிக்கையாளர். சுவரைத் துளைத்த பிறகு திட்டத்தை மாற்றினால் செலவும் இரட்டிப்பாகும்.

டெக்ட் முறையா, வைஃபையா?

அலுவலகக் கம்பியில்லாத் தொலைபேசியில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது ‘டெக்ட்’. இது குரலுக்கென்றே உருவாக்கப்பட்ட ஐரோப்பியத் தரமுறை. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தனி அலைவரிசையில் இயங்குவதால், பக்கத்துக் கடைகளின் வைஃபை இதற்கு இடையூறு செய்வதில்லை. ஒரு பேஸ் பெட்டியின் எட்டும் தூரம் கட்டடத்துக்குள் ஏறத்தாழ 50 மீட்டர், தடையில்லா வெளியில் 300 மீட்டர் வரை என்பது பொதுவான கணக்கு. தடித்த சுவர்களுக்கு நடுவே இது வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, ஏற்கெனவே உள்ள வைஃபை வழியாகப் பேசுவது. தனிப் பெட்டி வாங்கும் செலவு மிச்சம். ஆனால் கணினிக்குப் போதுமான வைஃபை குரலுக்குப் போதாது. ஒரு கோப்பு அரை விநாடி தாமதமாக வந்தால் எவரும் கவனிக்க மாட்டார்கள். பேச்சு அரை விநாடி தாமதமானால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் சேர்வது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

நாள் முழுவதும் தொலைபேசியிலேயே தொழில் நடத்தும் அலுவலகத்துக்கு டெக்ட் பொருத்தம். இரண்டு மூன்று பேர் எப்போதாவது நடந்துகொண்டே பேசும் இடத்துக்கு, ஒழுங்காக அமைத்த வைஃபையே போதும்.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்?

பெட்டிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுமுன் அழைப்புகளை எண்ண வேண்டும். தொலைபேசித் துறையில் இதற்கு ‘எர்லாங்’ என்ற அளவு உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் ஏ.கே. எர்லாங்கின் பெயரால் வழங்குவது அது. ஒரு மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் ஓர் உரையாடல் ஓர் எர்லாங்.

ஓர் எடுத்துக்காட்டு: 20 பணியாளர்கள் உள்ள அலுவலகத்தில், மும்முரமான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் 6 நிமிடம் பேசுகிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் 120 நிமிடம், அதாவது 2 எர்லாங். நூறு அழைப்புகளில் ஒன்றுக்கு மேல் தடைபடக் கூடாது என்றால் 7 பாதைகள் தேவை. இரண்டே போதும் என்று நினைப்பது தவறு. எல்லாரும் வரிசை போட்டுக்கொண்டு பேசுவதில்லை.

டெக்ட் முறையில் ஒரு ரேடியோ அதிகபட்சம் 12 உரையாடல்களைத் தாங்கும். பல பேஸ் பெட்டிகள் அதைவிடக் குறைவாகவே அனுமதிக்கும். துல்லியமான ஒலித் தரத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண்ணிக்கை மேலும் குறையும். விலைப்பட்டியலில் இதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

கட்டடம் அலையை எப்படித் தடுக்கிறது?

கடைவீடு குறுகலானது, நீளமானது. இரு பக்கமும் தடித்த செங்கற்சுவர், நடுவில் வானம் பார்த்த முற்றம், மேலே மரப்பலகைத் தளம், முன்னால் ‘அஞ்சடி’ எனப்படும் ஐந்தடி நடைபாதை. இந்த அமைப்பைப் புரிந்துகொண்டாலே பாதித் திட்டம் முடிந்துவிடும்.

மரத்தளத்தை அலை எளிதில் கடக்கும். ஆகவே மேல்மாடியில் மாட்டிய ஒரு பெட்டி கீழ்த்தளத்துக்கும் பயன்படலாம். அதே வீட்டில் மரத்தை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போட்டிருந்தால், அந்தக் கணக்கு செல்லாது. முற்றம் அலைக்கும் கேபிளுக்கும் இயற்கையான வழி. பக்கத்துச் சுவரோ பெரும் தடை. ஒரே நிறுவனம் அடுத்தடுத்த இரண்டு கடைவீடுகளை எடுத்திருந்தால், இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வைப்பதே பாதுகாப்பு.

உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். இரும்பு அலமாரி, பாதுகாப்புப் பெட்டகம், சுருள் இரும்புக் கதவு, மின்தூக்கிக் கூண்டு, கூரைக்கடியில் ஒட்டிய அலுமினியத் தாள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். தண்ணீர் அலையை உறிஞ்சும். தண்ணீர்த் தொட்டியும் மீன்தொட்டியும் அப்படித்தான். பெட்டியை இவற்றுக்குப் பின்னால் மறைத்து வைப்பது வீண்செலவு.

நடந்து பார்க்கும் சோதனை

வரைபடத்தை மட்டும் பார்த்துப் பெட்டிகளின் இடத்தை முடிவு செய்யக் கூடாது. ஒரு தற்காலிகப் பேஸ் பெட்டியைக் கம்பத்தில் கட்டி, உட்கூரை உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு, சோதனை நிலையில் உள்ள ஹேண்ட்செட்டுடன் ஒவ்வோர் அறையாக நடந்து அளவுகளைத் தாளில் குறிக்க வேண்டும். கழிவறை, சாமான் அறை, பின்வாசல், மாடிப்படி எதையும் விடக்கூடாது. வேலை நேரத்தில், கதவுகளை மூடி, சரக்கு நிறைந்திருக்கும்போது நடப்பது முக்கியம். காலி அறையில் எடுத்த அளவு நம்பத்தக்கதல்ல.

அளவு ‘டிபிஎம்’ என்ற கழித்தல் எண்ணில் வரும். கழித்தல் 60 என்பது கழித்தல் 70-ஐ விடப் பத்து மடங்கு வலுவானது. 3 டெசிபல் குறைந்தால் வலிமை பாதியாகும். டெக்டுக்குக் கழித்தல் 70, வைஃபை குரலுக்குக் கழித்தல் 67 என்பன பொருத்துநர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் எல்லைகள். சரியான எண்ணைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பேசிக்கொண்டே நடப்பவரின் அழைப்பு ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும். அதற்கு இரண்டின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். அதோடு, பல டெக்ட் முறைகளில் பெட்டிகள் ஒன்றையொன்று காற்றின் வழியே கேட்டு நேரத்தை ஒத்திசைத்துக்கொள்கின்றன. சங்கிலி நீண்டால் கடைசிப் பெட்டி தடுமாறும். தலைமைப் பெட்டியை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைப்பது இதனால்தான்.

கேபிள்: கண்ணுக்குத் தெரியாத பாதி வேலை

பெயர்தான் கம்பியில்லாத் தொலைபேசி. ஒவ்வொரு பேஸ் பெட்டிக்கும் ஒரு கேபிள் போய்த்தான் ஆக வேண்டும். கேட்-5இ அல்லது கேட்-6 செப்புக் கேபிளின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதில் சுவருக்குள் செல்லும் நிலையான பகுதி 90 மீட்டர், இரு முனை இணைப்புக் கயிறுகளுக்கு 10 மீட்டர். மாடி ஏறும் உயரத்தையும், முற்றத்தைச் சுற்றி வளையும் தூரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

‘பிஓஇ’ வசதியுள்ள ஸ்விட்ச் இருந்தால் அதே கேபிளில் மின்சாரமும் போகும். உட்கூரைக்கு அருகில் தனிப் பிளக் தேவையில்லை. அடிப்படைத் தரத்தில் ஸ்விட்ச் ஒரு முனைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். அடுத்த தரத்தில் 30 வாட். ஸ்விட்சின் மொத்த மின்திறன் எல்லாப் பெட்டிகளுக்கும் போதுமா என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

மின்கம்பியோடு ஒரே குழாயில் தொலைபேசிக் கேபிளைப் போடக் கூடாது. கூர்மையாக மடிக்கவும் கூடாது. முனையில் முறுக்கைத் தேவைக்கு மேல் பிரித்தால் தரம் கெடும். 13 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவது நல்லது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேபிள் கூடுதலாக இழுத்து வைத்தால் பின்னாளில் சுவரைத் தொட வேண்டியதில்லை.

ஜார்ஜ்டவுனில் சுவரே ஒரு தனி விவகாரம். மலாக்காவுடன் சேர்ந்து இந்நகரம் 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வளையம் 150.04 ஹெக்டர். பழைய சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு கொண்டவை. ஈரத்தை வெளியே விட்டு மூச்சு விடுபவை. துளையிட்டுச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் தங்கிப் பூச்சு உதிரும். ஆகவே முற்றத்தின் ஓரத்தையும், மாடிப்படிக்கடியையும், மர உத்தரத்தின் பக்கத்தையும் கேபிள் வழியாகக் கொள்வது நல்லது. முகப்பில் எதையும் மாட்டுவதற்கு முன் கட்டட உரிமையாளரிடமும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடமும் கேட்டுக்கொள்வது அவசியம்.

தோட்ட அலுவலகத்தில்

செபராங் பிறையிலும் கெடாவிலும் உள்ள தோட்டங்களில் நிலைமை வேறு. கிராணியார் மேசையிலிருந்து ஸ்டோருக்கோ பட்டறைக்கோ 100 மீட்டருக்கு மேல் இருக்கலாம். அங்கே செப்புக் கேபிள் உதவாது. கண்ணாடி இழைக் கேபிள் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் இடிமின்னல் அதிகம். இரு கட்டடங்களை இணைக்கும் செப்புக் கேபிள் மின்னலின் வேகத்தை உள்ளே கொண்டுவந்து கருவிகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. துத்தநாகத் தகடு அடித்த கொட்டகைக்குள் வெளி அலை நுழையாது என்பதால் அதற்குத் தனிப் பெட்டி தேவை.

வைஃபை வழியில் பேசுவோருக்கு

ஒரு குரல் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். பத்து அழைப்புகள்கூட ஒரு மெகாபிட்டைத் தொடாது. சிக்கல் வேகத்தில் இல்லை, நெரிசலில்தான். கடைகள் நெருங்கிய தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நிரம்பி வழியும். ஒன்றையொன்று மோதாத தடங்கள் அதில் 1, 6, 11 என மூன்றே. தொலைபேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, வாடிக்கையாளர்களின் இலவச வைஃபையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

சிரிம் முத்திரையும் 999-உம்

மலேசியாவில் விற்கப்படும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குச் சிரிம் சான்றிதழ் வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ‘டெக்ட் 6.0’ கருவிகளை வாங்கக் கூடாது. அவை அமெரிக்காவுக்கானவை; 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இங்கு அது கைத்தொலைபேசிச் சேவைக்குரிய அலைவரிசை. பெட்டி நன்றாக வேலை செய்தாலும் அது சட்டப்படி சரியல்ல.

மின்தடையில் இந்த முறை முழுதும் ஊமையாகிவிடும். மோடம், ஸ்விட்ச், தொலைபேசிப் பெட்டி மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் இணைக்க வேண்டும். அவை சேர்ந்து 60 வாட் எடுத்தால், இரண்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணி தேவை.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று 999. வெளி அழைப்புக்கு 9 அழுத்தும் முறையில், பதற்றத்தில் ஒருவர் 999 அழுத்தினால் முதல் 9-ஐ வெளியிணைப்பு எண்ணாகக் கருவி விழுங்கிவிடக்கூடும். நேரடியாக 999 அழுத்தினாலும், 9-ஐச் சேர்த்து அழுத்தினாலும் அழைப்பு போய்ச் சேரும்படி அமைக்கச் சொல்ல வேண்டும். சேவை நிறுவனத்தில் பதிவான முகவரி இப்போதைய அலுவலக முகவரிதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

குத்தகையாளரிடமிருந்து ஐந்து தாள்களைக் கேட்டு வாங்குவது நல்லது: பெட்டிகளின் இடம் குறித்த வரைபடம், அறைவாரியான அலை அளவுகள், ஒவ்வொரு கேபிளின் சோதனை முடிவு, இரு முனைகளிலும் ஒட்டிய எண்களின் பட்டியல், அமைப்பு விவரங்களும் கடவுச்சொல்லும். பிறகு உரிமையாளரே ஓர் அழைப்பைத் தொடங்கி, அஞ்சடியிலிருந்து பின்வாசல் வரை, கீழிருந்து மேல்மாடி வரை பேசிக்கொண்டே நடக்க வேண்டும். குரல் எங்கும் அறுபடாமல் இருந்தால் கையெழுத்துப் போடலாம்.