ஜான் ஆர். காமன்ஸும் அமெரிக்கத் தொழிலுறவுத் துறையின் உருவாக்கமும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொழிலுறவு ஒரு தனிப் பாடமாக வேரூன்றியதில் ஜான் ரோஜர்ஸ் காமன்ஸுக்கு (1862–1945) முதன்மையான பங்கு உண்டு. அவர் முனைவர் பட்டம் பெறவில்லை. நான்கு கல்வி நிறுவனங்களில் பணிபுரிந்தும் ஒன்றில்கூட நிலைக்கவில்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகே நிலையான பேராசிரியர் பதவி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அச்சுக்கூடத்திலும் விசாரணைக் குழுக்களிலும் பேச்சுவார்த்தை மேசைகளிலும் பெற்ற அனுபவமே பின்னர் அவருடைய ஆய்வுமுறையாக உருக்கொண்டது. முதலாளியும் தொழிலாளியும் எந்த விதிகளுக்கு உட்பட்டு இணைந்து இயங்குகிறார்கள், அவ்விதிகளை யார், எப்படி வகுக்கிறார்கள் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த கேள்வி.

அச்சுக்கூடமும் கல்லூரிகளும்

காமன்ஸ் ஒஹையோ மாநிலத்தின் ஹாலன்ஸ்பர்க்கில் பிறந்து, அண்டை மாநிலமான இண்டியானாவில் வளர்ந்தார். தந்தை குவேக்கர் மரபில் வந்தவர். தாய் அடிமைமுறையை எதிர்த்த, கண்டிப்பான பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். ஓபர்லின் கல்லூரியில் படித்தபோது காமன்ஸ் கிளீவ்லாந்து நகரில் அச்சுக் கோக்கும் வேலை செய்தார். அச்சுத் தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்தார். சங்கம் வகுத்த வேலை விதிகள் ஒரு தொழிலாளியின் அன்றாடத்தை எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றன என்பதை அவர் அங்கேதான் முதலில் அறிந்தார்.

1888இல் பட்டம் பெற்றதும், ரிச்சர்ட் ஈலியிடம் பொருளியல் பயில ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் சென்றார். ஏட்டுக் கோட்பாட்டோடு நிற்காமல் தொழிற்சங்கங்களையும் கூட்டுறவு அமைப்புகளையும் நேரில் ஆராய மாணவர்களைத் தூண்டியவர் ஈலி. வரலாற்றுத் தேர்வு ஒன்றில் தவறியதால் காமன்ஸ் முனைவர் பட்டமின்றியே 1890இல் வெளியேறினார். வெஸ்லியன் பல்கலைக்கழகம் ஓராண்டிலேயே அவரை விடுவித்தது. பிறகு ஓபர்லினிலும் இண்டியானாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த அவர், 1895இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியரானார். சீர்திருத்தக் கருத்துகளால் நன்கொடையாளர்களின் அதிருப்திக்கு அவர் ஆளானார். 1899இல் பல்கலைக்கழகம் அந்தப் பதவியையே நீக்கிவிட்டது. பதவி நீக்கப்பட்டதால், அதை வகித்தவரை நீக்கியதாகச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

கள ஆய்வின் ஐந்தாண்டுகள்

1899 முதல் 1904 வரை காமன்ஸுக்குப் பல்கலைக்கழகப் பணி இல்லை. தனியார் ஆதரவில் விலைவாசிக் குறியீட்டெண் தொகுக்கும் வேலை முதலில் கிடைத்தது. விலைகள் வீழ்வதைக் காட்ட விரும்பிய ஆதரவாளர், 1900இல் குறியீடு ஏறத் தொடங்கியதும் நிதியை நிறுத்திக்கொண்டார். அடுத்து, கூட்டாட்சி அரசின் தொழில் ஆணையத்திற்காகக் குடியேற்றம் பற்றிய அறிக்கையைத் தயாரித்தார். முதலாளிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒன்றாக அமர்த்திப் பேசவைத்த தேசியக் குடிமைக் கூட்டமைப்பிலும் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவரை மிகவும் ஈர்த்தது நிலக்கரித் தொழிலின் கூட்டு மாநாடு. ஒன்றுபட்ட சுரங்கத் தொழிலாளர் சங்கமும் மத்திய மேற்குப் பகுதிச் சுரங்க முதலாளிகளும் 1898 முதல் ஓரிடத்தில் கூடி, கூலியையும் வேலை நிலைமைகளையும் பேரம்பேசி ஒப்பந்தம் செய்துவந்தனர். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் விதி பிறக்கும் என்ற ஏற்பாட்டை, இரண்டு அவைகள் கொண்ட நாடாளுமன்றத்திற்கு நிகராகக் காமன்ஸ் கண்டார். சண்டையை ஒழிப்பதல்ல, சண்டையை விதிகளுக்குள் கொண்டுவருவதே கூட்டுப் பேரத்தின் பயன் என்ற முடிவு இங்கே உருவானது. நலன்கள் இயல்பாகவே ஒன்றுபட்டவை என்ற வாதத்தையோ, அவை ஒருபோதும் இணங்காதவை என்ற மார்க்சிய வாதத்தையோ அவர் ஏற்கவில்லை. முரண்பாடு நிலையானது, உடன்பாடு பேசி உருவாக்கப்படுவது என்பதே அவர் நிலைப்பாடு.

விஸ்கான்சின்: வரலாறும் சட்டமும்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு 1892இலேயே சென்றுவிட்ட ஈலி, அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை எழுதுவதற்காக 1904இல் காமன்ஸை மேடிசன் நகருக்கு அழைத்தார். சங்க ஆவணங்கள், பழைய நாளிதழ்கள், நீதிமன்றப் பதிவுகள் ஆகியவற்றைத் தேடி மாணவர்களும் உதவியாளர்களும் நாடெங்கும் சென்றனர். அவ்வுழைப்பின் பயனாக 1910–11இல் பத்துத் தொகுதி ஆவணத் திரட்டு வெளிவந்தது. 1918இல் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொழிலாளர் வரலாறு' இரண்டு தொகுதிகளாக வந்தது. ஹெலன் சம்னர், ஜான் ஆண்ட்ரூஸ், செலிக் பெர்ல்மன் முதலியோர் அதன் பகுதிகளை எழுதினர்.

அந்தத் திட்டத்தின் கோட்பாட்டு மையம், அமெரிக்கச் செருப்புத் தொழிலாளர் பற்றிக் காமன்ஸ் 1909இல் வெளியிட்ட கட்டுரை. 1648இல் பாஸ்டன் செருப்புத் தொழிலாளர் பெற்ற சாசனம் முதல், 1806இல் பிலடெல்பியாவில் சங்கத்தினர்மீது நடந்த சதி வழக்கு வழியாக, 1895இல் உருவான தொழிற்சங்கம் வரை அது நீள்கிறது. தொடக்கத்தில் ஒரே ஆளே கைவினைஞராகவும் வணிகராகவும் இருந்தார். சந்தை ஊரைத் தாண்டி விரிந்தபோது இடையில் வணிகர் தோன்றினார். தொலைதூரச் சந்தையின் மலிவான சரக்கு உள்ளூர்க் கூலியை அழுத்தியது. முதலாளியும் கூலியாளும் பிரிந்தனர். எந்திரம் வருவதற்கு முன்பே இந்தப் பிளவு நிகழ்ந்துவிட்டது. எனவே தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தது உற்பத்திக் கருவியின் மாற்றத்தைவிடச் சந்தையின் விரிவே என்று காமன்ஸ் வாதிட்டார்.

வரலாற்றாய்வுக்கு இணையாகச் சட்டப் பணியும் நடந்தது. ஆளுநர் ராபர்ட் லா ஃபாலட் காலத்தில் பல்கலைக்கழகத்தின் அறிவு மாநில ஆட்சிக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கு வலுப்பெற்றிருந்தது. காமன்ஸ் 1905இன் குடிமைப் பணிச் சட்டத்தையும் 1907இன் பொதுப் பயன்பாட்டு நிறுவனச் சட்டத்தையும் வரைய உதவினார். 1911இல் விஸ்கான்சின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் தொழில் ஆணையத்தையும் கொண்டுவந்தது. ஆணையத்தின் திட்டத்தை வகுத்த காமன்ஸே இரண்டாண்டுகள் அதன் உறுப்பினராகவும் இருந்தார்.

ஒவ்வோர் எந்திரத்திற்கும் பாதுகாப்பு விதியைச் சட்டமன்றமே எழுதும் பழைய முறையை அந்த ஆணையம் மாற்றியது. பணியிடம் நியாயமான அளவு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சட்டம் கூறியது. நடைமுறை விதிகளை முதலாளிகளும் தொழிலாளர்களும் நிபுணர்களும் அமர்ந்த குழுக்கள் வகுத்தன. ஆணையம் அவற்றுக்குச் சட்ட வலு அளித்தது. நிலக்கரி மாநாட்டில் கண்ட கூட்டு விதியாக்கம் இவ்வாறு அரசு நிர்வாகத்திற்குள் நுழைந்தது.

1913–15இல் கூட்டாட்சி அரசின் தொழிலுறவு ஆணையத்தில் காமன்ஸ் உறுப்பினராக இருந்தபோது இந்த அணுகுமுறையின் எல்லையும் வெளிப்பட்டது. 1914இல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்கள் கொல்லப்பட்ட நிகழ்வை அந்த ஆணையம் விசாரித்தது. தலைவர் ஃபிராங்க் வால்ஷும் தொழிலாளர் பிரதிநிதிகளும் செல்வக் குவிப்பைக் கடுமையாகச் சாடும் அறிக்கையை ஆதரித்தனர். காமன்ஸ் அதில் கையெழுத்திடாமல், விஸ்கான்சின் மாதிரியிலான நிரந்தர ஆணையத்தை நாடு முழுமைக்கும் பரிந்துரைத்துத் தனி அறிக்கை எழுதினார். அதை முதலாளிகளின் பிரதிநிதிகள் ஆதரித்தனர்.

பாடத்துறையும் கோட்பாடும்

1919இல் வெளியான 'தொழில் நல்லெண்ணம்' என்ற நூலில், தொழிலாளியைச் சரக்காகவும் எந்திரமாகவும் கருதும் பார்வைகளைக் காமன்ஸ் அலசினார். வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தைப் போலவே தொழிலாளியின் நல்லெண்ணமும் நிறுவனத்தின் சொத்து என்று அவர் வாதிட்டார். இதனால் தொழிற்சங்க ஆய்வோடு பணியாளர் நிர்வாகமும் ஒரே பாடப்பரப்புக்குள் வந்தது. சட்டம், கூட்டுப் பேரம், நிர்வாகம், வேலையின்மை ஆகிய நான்கையும் இணைத்த தொழிலுறவுச் சிறப்புப் பாடத்தை விஸ்கான்சின் 1920இல் தொடங்கியது.

முதிர்ந்த கோட்பாடு 'முதலாளியத்தின் சட்ட அடித்தளங்கள்' (1924), 'நிறுவனப் பொருளியல்' (1934) ஆகிய நூல்களில் உள்ளது. பொருளியலின் அடிப்படை அலகு பண்டமல்ல, பரிவர்த்தனை என்றார் காமன்ஸ். பரிவர்த்தனைகளைப் பேரம், மேலாண்மை, பங்கீடு என மூவகைப்படுத்தினார். வேலை ஒப்பந்தத்தில் தொழிலாளி முதலில் பேரம் பேசுகிறார். வேலையில் சேர்ந்ததும் மேலாளரின் ஆணைக்கு உட்படுகிறார். ஒரே உறவு இவ்வாறு இருவகைப் பரிவர்த்தனையாக அமைவதால்தான் அங்கே சட்டமும் சங்கமும் குறுக்கிட நேர்கிறது என்று இக்கோட்பாடு விளக்குகிறது.

மாணவர்களும் மரபும்

வேலையின்மைக் காப்பீட்டிற்கான முதல் மசோதா காமன்ஸின் வழிகாட்டலில் 1921இல் விஸ்கான்சின் சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்டுத் தோற்றது. பத்தாண்டுகளுக்குப் பிறகு அவருடைய மாணவர்களான ஹெரால்ட் குரோவ்ஸ், பால் ரௌஷன்புஷ், எலிசபெத் பிராண்டைஸ் ஆகியோர் முயற்சியைத் தொடர்ந்தனர். 1932 ஜனவரியில் நாட்டின் முதல் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் அங்கே நிறைவேறியது. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கிய குழுவின் செயல் இயக்குநர் எட்வின் விட்டி, அத்திட்டத்தை நெடுங்காலம் நிர்வகித்த ஆர்தர் ஆல்ட்மையர், தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் இடம்பெற்ற வில்லியம் லைசர்சன் ஆகியோரும் அவரிடம் பயின்றவர்கள். 1947இல் தொடங்கிய தொழிலுறவு ஆய்வுச் சங்கத்தின் முதல் தலைவரும் விட்டியே.

இம்மரபின் குறைகளும் ஆய்வாளர்களால் சுட்டப்பட்டுள்ளன. 1907இல் வந்த 'அமெரிக்காவில் இனங்களும் குடியேறிகளும்' என்ற நூலில் காமன்ஸ் இனங்களைத் தரம் பிரித்து, கறுப்பின மக்களையும் ஆசியர்களையும் தென், கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகளையும் தாழ்த்தி எழுதினார். அவருடைய வரலாற்றில் திறன்மிகு தொழிலாளரின் சங்கங்களே பெரிதும் இடம்பெற்றன. சங்கத்திற்கு வெளியே இருந்தவர்கள் ஒதுக்கப்பட்டனர். 1960களில் எழுந்த புதிய தொழிலாளர் வரலாறு, சங்க அமைப்புகளிலிருந்து பார்வையை விலக்கித் தொழிலாளரின் குடும்பம், சமூகம், பண்பாடு ஆகியவற்றின்மீது செலுத்தியது. எனினும் பணியிட விதிகள் எங்கிருந்து பிறக்கின்றன என்ற காமன்ஸின் கேள்வியை ஜான் டன்லப் 1958இல் தம் தொழிலுறவு முறைமைக் கோட்பாட்டின் மையமாக்கினார். அத்துறையின் பாடநூல்களில் அக்கேள்வி நிலைபெற்றுள்ளது.