தொண்டை நாட்டில் ஒரு மதுப் பயணம்: பழவேற்காடு முதல் ஆரம்பாக்கம் வரை

பிரான்சுக்குச் சுற்றுலா போகிறவர்கள் போர்தோ பக்கம் ஒரு நாள் ஒதுக்குவது வழக்கம். காலையில் வேன் வரும். வழிகாட்டி ஒருவர் திராட்சைத் தோட்டத்தைக் காட்டுவார். பிறகு நிலவறையில் அடுக்கிய மரப் பீப்பாய்கள், மதியச் சாப்பாட்டோடு நாலு வகை ஒயின், சாயங்காலம் திரும்பும்போது கையில் ஒரு பாட்டில். இந்தியாவில் இப்போது நாசிக்கில் இது நடக்கிறது. கோவாவில் முந்திரிப் பழத்தில் காய்ச்சும் ஃபெனிக்கு 2009ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016ல் கோவா அரசு ஃபெனியைத் தன் பாரம்பரிய பானம் என்றே அறிவித்துவிட்டது.

தமிழ்நாட்டில் அப்படி ஓர் இடம் உண்டா? பலரும் கம்பம் பள்ளத்தாக்கைச் சொல்வார்கள். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு வந்தது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் பழமாகவே விற்கிறது. நிஜமான பழைய மது நாடு யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டம்! கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு ஆலை, லாரி வரிசை இவைதான் நினைவுக்கு வரும். ஆனால் புறநகர் ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போனால் ஜன்னலுக்கு வெளியே வயல் வரப்பில் பனைமரங்கள் நிற்கும். இந்த நாட்டின் மது திராட்சையில் வரவில்லை, பனையிலும் நெல்லிலும் வந்தது.

இந்தப் பயணத்தைக் காலவரிசைப்படி போனால் வரைபடத்தில் கோடு கொஞ்சம் வளைந்து வளைந்துதான் போகும். பரவாயில்லை.

முதல் நிறுத்தம்: பழவேற்காடு

வழிகாட்டியோடு ஊர் சுற்றுவது வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு இல்லை. சங்க இலக்கியத்தில் அதற்கென்று ஓர் இலக்கிய வகையே உண்டு. அதுதான் ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனிடம் "இந்த வழியாகப் போ, இங்கே தங்கு, இவர்கள் இன்னது தருவார்கள்" என்று சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்கிறது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதாவது தொண்டை நாட்டுக்கான மிகப் பழைய டூர் கைடு இது. இன்றைய திருவள்ளூர் மாவட்டமும் அந்தத் தொண்டை நாட்டின் பகுதிதான்.

இந்தப் பாட்டில் ஒவ்வொரு நிலத்திலும் என்ன சாப்பாடு, என்ன குடி என்ற விவரம் வருகிறது. எயினர் வீடுகளில் நெல்லில் வீட்டிலேயே சமைத்த தோப்பி என்ற கள். வலைஞர் குடியிருப்பில் இன்னும் விரிவாக ஒரு செய்முறையே இருக்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாகச் சமைக்க வேண்டும். வாய் அகன்ற தட்டில் ஊற்றி ஆறவிட வேண்டும். அதில் நல்லடை சேர்த்துப் பிசைய வேண்டும். நல்லடை என்பது முளையை இடித்துச் செய்தது என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் ஊறிய பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு பரிமாறுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த முளை. தானியத்தை முளைக்க விட்டால் அதில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் உருவாகும். சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட் வேலை செய்யும். இன்றைக்கு பார்லியை முளைக்கவைத்து பீர் தயாரிப்பதும் இதே முறையில்தான். ஏரிக்கரை மீனவர்கள் இன்றும் இருக்கும் பழவேற்காட்டில் நின்று படிக்க இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைக்காது.

யவனர் ஜாடி

அதே காலத்தில் திராட்சை மதுவும் தமிழகத்துக்கு வந்தது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் குடிப்பதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா என்ற இரண்டு கைப்பிடி ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றில் கணிசமானவை கிரேக்கத் தீவான கோஸ் பாணி மது ஜாடிகள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். திராட்சை ஒயின் மாதக்கணக்கில் கெடாமல் கடல் தாண்டும். பனங்கள் காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் கடுத்துவிடும். மறுநாள் அது காடி. ஆகவே ஒயின் வியாபாரச் சரக்கானது, அரசனுக்குப் போனது. கள் ஊரைத் தாண்டாத குடியானது. அதியமானும் ஔவையும் பகிர்ந்து குடித்தது இந்த ஊர்க் கள்தான். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசமே காரணம் என்று கூடச் சொல்லலாம்.

1613ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டவர்கள். அவர்களுடைய கிழக்குத் தலைநகரான படேவியா, அரக்கு என்னும் காய்ச்சிய சாராயத்துக்குப் பேர் போனது. காய்ச்சியது கெடாது. கெடாதது கப்பல் ஏறும்.

இரண்டாம் நிறுத்தம்: பொன்னேரிப் பனைகள்

பனை ஏறுவது எப்படி என்று தெரியாமல் இந்தக் கதை புரியாது. பாளை விடும் பருவத்தில் ஏறுகிறவர் காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் அரிவாளோடு மேலே போவார். பாளையை நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிடுவார். தினம் காலையும் மாலையும் ஏறி மறுபடி சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்து ஊற்று நின்றுபோகும். ஒருவர் இருபது முப்பது மரம் ஏறினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்! விழுந்தால் உயிர் போகும், தப்பினால் முதுகெலும்பு.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு காற்றில் உள்ள ஈஸ்டால் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு கை சுண்ணாம்பு மட்டும்தான். சட்டமும் அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் நிற்கிறது.

மரத்துக்கு வரி

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே மது வரிக்கு ஆப்காரி என்று பெயர். 1886ல் வந்த சென்னை ஆப்காரிச் சட்டம் அதை இறுக்கியது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் போட்டு வரி வசூலிக்கும் மர வரி முறை வந்தது. கடையை ஏலம் விடுவது தனி. ஏறுகிறவர் மரக்காரருக்கும் தர வேண்டும், சர்க்காருக்கும் தர வேண்டும், கடை எடுத்தவரிடம் விற்கவும் வேண்டும். லாபம் கடைசியில் ஏலம் எடுத்தவருக்கே போனது.

சாராயத்தில் சர்க்காருக்கு வேலை இன்னும் சுலபம். ஊர் ஊராகக் காய்ச்சுவதை நிறுத்தி, சில பெரிய வடிசாலைகளில் மட்டும் காய்ச்சவிட்டால் ஒரே வாசலில் நின்று வரி வாங்கிவிடலாம். ஆயிரக்கணக்கான மரங்களுக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானமாக ஆப்காரி வளர்ந்தது. அதனால்தான் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் முக்கிய ஆயுதமானது. ஈரோட்டில் 1921ல் பெரியார், அவர் மனைவி நாகம்மையார், தங்கை கண்ணம்மாள் மறியல் செய்ததும், பெரியார் தன் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்ததும் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

மூன்றாம் நிறுத்தம்: திருத்தணி

ராஜாஜி பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும் பரவியது. அப்போது திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. பொன்னேரியும் திருவள்ளூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஆக இன்றைய ஒரே மாவட்டத்தின் ஒரு பாதியில் கள்ளுக்கடை மூடியிருக்க, மறு பாதியில் திறந்திருந்தது! இரண்டாம் உலகப் போரின்போது கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த 1948ல், காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2ல் மாகாணம் முழுவதும் அமலுக்கு வந்தது.

போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவில் அதுதான் முதல் பொது விற்பனை வரி. சோப்பு, சீப்பு வாங்கும்போது கட்டும் வரியின் பூர்வீகம் கள்ளுக்கடையில் இருக்கிறது என்பது வேடிக்கையான விஷயம்.

திருத்தணி என்றால் ம.பொ.சி.யைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியவர். அதன் பலனாக 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவர் பிறந்தது 1906ல், கள் இறக்கும் தொழில் செய்த கிராமணி குடும்பத்தில். அவரே காங்கிரசில் சேர்ந்து மதுவிலக்கை ஆதரித்தார். தன் சொந்தக் குலத்தின் பிழைப்பை மூடச் சொல்லும் கட்சியில் ஒருவர் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. குடித்து அழிந்த குடும்பங்களை அருகில் இருந்து பார்த்தவருக்குத்தான் அது முடியும். ஆனால் மரம் ஏறியவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் அங்கேயே நின்றது.

நான்காம் நிறுத்தம்: மாதவரம்

அந்தக் கேள்விக்கு காந்தியவாதிகள் சொன்ன பதில் பனைவெல்லம். கள்ளுக்குப் பதில் பதநீர் இறக்கிக் காய்ச்சினால் தொழிலும் பிழைக்கும், குடியும் ஒழியும் என்றார்கள். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் பனைப் பொருள் நிறுவனம் சென்னை மாதவரத்தில் அமைந்தது. 2018 வரை மாதவரம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பனைவெல்லம், கற்கண்டு, தும்பு, ஓலைப் பொருள் என்று பலவற்றுக்கும் பயிற்சி தரப்பட்டது.

யோசனை நல்லதுதான். ஆனால் வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், நாள் முழுக்க அடுப்படியில் ஆள் வேண்டும். ஆலைச் சர்க்கரை விலையோடு போட்டி போட முடியவில்லை. ஏறுகிறவரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பிறகு தொழிற்சாலைக்குப் போனார்கள். அது நல்ல மாற்றம்தான். மரம் மட்டும் தனியாக நின்றது, பிறகு செங்கல் சூளைக்கு விறகாகப் போனது.

ஐந்தாம் நிறுத்தம்: கும்மிடிப்பூண்டி

1971 ஆகஸ்ட் 30ல் முதல்வர் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தினார். வேண்டாம் என்று கேட்க 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் அவர் வீடு தேடிப் போனார். பலன் இல்லை. 1974ல் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983ல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் உருவானது. 1987ல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன, பாட்டில் மது தொடர்ந்தது. 2003ல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன.

ஆக, நாலைந்து சதவீத ஆல்கஹால் உள்ள கள் குற்றம். 42 சதவீதத்துக்கு மேல் உள்ள பிராந்தி அரசுக் கடையில். கள்ளில் போதை மருந்து கலப்பார்கள், மரத்துக்கு மரம் காவல் போட முடியாது என்பது தடையை ஆதரிப்பவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1886ல் சர்க்கார் கண்ட அதே கணக்கும் இதில் இருக்கிறது. பாட்டிலில் அடைத்ததை எண்ணலாம், வரி போடலாம். கலயத்தில் இருப்பதை எண்ணுவது கஷ்டம்.

தொழிற்பேட்டைகள் வந்த பிறகு இன்னொரு ஆபத்து சேர்ந்தது. பெயின்ட், மருந்து போன்ற தொழில்களில் பயன்படும் மெத்தனால், பார்வைக்கும் மணத்துக்கும் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணை, பிறகு உயிரைப் பறிக்கும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு பக்கமும் இருபதுக்கு மேற்பட்டவர்களும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்களும் இதில் செத்தார்கள். அதற்குப் பிறகு தண்டனையைக் கூட்டி அரசு திருத்தியது எந்தச் சட்டத்தை? அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைத்தான்.

கடைசி நிறுத்தம்: ஆரம்பாக்கம்

கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் எளாவூர், ஆரம்பாக்கம், அதோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. அங்கே கள் இறக்குவது சட்டப்படியான தொழில். ஒரே மாதிரி மண், ஒரே மாதிரி மரம், சட்டம் மட்டும் வேறு.

ஆனால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1992ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்தில், அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் ரோசம்மா தலைமையில் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி 1993ல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995ல் முழு மதுவிலக்கே வந்து, 1997ல் வருமானம் போதாமல் விலக்கிக்கொள்ளப்பட்டது. கள்ளைத் திறக்க வேண்டும் என்பவர்கள் இந்தப் பெண்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சாராயக் கடைக்குப் போன கூலி வீட்டுக்கு வரவில்லை என்பதுதான் அவர்கள் வாதம். அது எந்த பானத்துக்கும் பொருந்தும்.

2021ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். பனை விதைகள் விதைக்கவும் திட்டம் வந்தது. மரத்தைக் காப்பாற்ற இது உதவும். ஆனால் விதைத்த பனை பாளை விட பதினைந்து இருபது வருஷம் ஆகும். அன்றைக்கு அதில் ஏறத் தெரிந்தவர் யாராவது இருக்க வேண்டும். போர்தோவில் திராட்சைக்கொடி மட்டும் இருந்திருந்தால் வேன் வந்திருக்காது. கொடியைக் கவாத்து செய்யத் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். மீஞ்சூருக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே அப்படித் தெரிந்தவர்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. கோடையில் ரோட்டோரம் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருபவர்தான் இந்தப் பயணத்தின் உண்மையான வழிகாட்டி. அவரிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டு எழுதிவைப்பது நல்லது.