செம்மரமும் கோடாலிக் கூலிகளும்

மரப்பாச்சி என்றால் கொலுப்படிதான் ஞாபகத்துக்கு வரும். மேல்சாதி வீடுகளில் கல்யாணச் சீராக வரும் அந்த ஜோடி பொம்மை செம்மரத்தில் செய்தது. பிள்ளை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை என்பார்கள். கல்லில் இழைத்து வீக்கத்துக்கும் கட்டிக்கும் பற்றுப் போடுவார்கள். நாட்டுமருந்துக் கடையில் அதற்குச் செஞ்சந்தனம் என்று பெயர். வெட்டியவன் யாருன்னு எந்தக் கொலுவிலும் கேட்டதில்லை.

சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா என்று திருப்பதி, கடப்பைப் பக்கத்து வறண்ட கல்மலைகள்தான் இம்மரத்தின் சொந்த ஊர். வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். வெள்ளைக்காரன் இதைச் சாயத்துக்காகக் கப்பலேற்றினான். செயற்கைச் சாயம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு ஜப்பான்காரர் ஷாமிசென் என்னும் நரம்புக் கருவிக்கும், சீனப் பணக்காரர் நாற்காலி மேசைக்கும் கேட்டார்கள். 1995இல் அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் செம்மரத்தைத் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. வெட்டப் போகிற ஜவ்வாதுமலை மலையாளியும் பட்டியல் பழங்குடிதான். மரத்தின் பட்டியலுக்குத்தான் துப்பாக்கிக் காவல்.

ஏன் நம்ம பக்கத்து ஆட்கள்? ஜவ்வாது, சந்தனம் விளைந்த மலை. கோடாலி பழகிய கை. மழை பொய்த்தால் அங்கே வேலை இல்லை. தரகன் முன்பணத்தோடு வருவான். வெட்டி, மேல்வெள்ளையைச் செதுக்கி, வைரக்கட்டையைத் தோளில் சுமந்து இறக்கினால் கூலி. துறைமுகத்தில் கைமாறும் பணம் வேறு கணக்கு.

பறிமுதலான 8,500 டன்னுக்கும் மேற்பட்ட கட்டையை ஏற்றுமதி செய்ய ஆந்திர அரசு அனுமதி வாங்கி, 2014இல் ஏலம் விட்டது. அரசு விற்றால் வருமானம், கூலி தூக்கினால் கடத்தல்! சில மாதங்களில், 2015 ஏப்ரல் 7 அதிகாலை, சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். மலையாளிகளும் சமவெளிக் கூலிகளும். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பத்திரிகைகள் 'கடத்தல்காரர்கள்' என்றே எழுதின. பிணங்களுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகள் பழசு, பெயிண்ட் அடையாளம் போட்டவை என்று மனித உரிமை இயக்கத்தார் காட்டினார்கள்.

தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் வாக்குமூலம் கொடுத்தார்கள். கூட வந்தவர்களை முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதாக ஒருவர் சொன்னார். அவர் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புருஷன் பொண்டாட்டின்னு நினைச்சு அவரை மட்டும் விட்டுட்டாங்க.