பிணைக்கும் விரல்கள்

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவர் அப்பா. பட்டு நூல் இழைத்தது, தார் சுற்றியது, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைத்தது எல்லாம் அம்மா. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பாள். ஒன்று விட்டாலும் சேலையில் கோடு விழும். சங்கப் பதிவேட்டில் இருந்ததோ அப்பாவின் பெயர் மட்டும். அம்மா செய்தது 'ஒத்தாசை'.

கல்லூரியில் இயற்பியல் படித்தபோது, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் 27 கி.மீ. சுற்றளவில் இயங்கும் துகள் முடுக்கியைப் பற்றி வாசித்தேன். துகள்களை வளைத்துச் செலுத்த அதில் 1,232 பெரிய மீக்கடத்துக் காந்தங்கள் உள்ளன. தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெல்லிய நையோபியம்–டைட்டானியம் இழைகள் ஆயிரக்கணக்கில் ஒரு கம்பிக்குள் அடங்கும். அத்தகைய கம்பிகளை முறுக்கிய வடத்தைத்தான் காந்தச் சுருளாகச் சுற்றுகிறார்கள். மைனஸ் 271 டிகிரிக் குளிரில் அது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் சுற்று இம்மியளவு நகர்ந்தாலும் சூடு பிறந்து, காந்தம் அந்தத் தன்மையை இழந்துவிடும். தார் சுற்றும்போது இழுவிசை மாறக் கூடாது என்று அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது.

2008 செப்டம்பர் 19 அன்று, தொடங்கி ஒன்பதே நாளில் அந்த இயந்திரம் பழுதானது. காரணம், இரண்டு காந்தங்களுக்கு இடையே சரியாகச் சேராத ஒரே ஒரு பிணைப்பு. அதில் இருந்த தடை ஓர் ஓமில் கோடியில் இரண்டு பங்கு அளவுதான். டன் கணக்கில் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை மேலே தூக்கிவர வேண்டியதாயிற்று. 2013இல் இயந்திரத்தை நிறுத்தி, 10,000க்கும் மேற்பட்ட பிணைப்புகளைத் திறந்து சோதித்து வலுப்படுத்தினார்கள்.

இந்த வரலாற்றில் பெண் பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 1983இல் இயங்கத் தொடங்கிய டெவட்ரான்தான் மீக்கடத்துக் காந்தங்களால் அமைந்த முதல் பெரிய முடுக்கி. அதன் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் முன்னின்று நடத்தியவர் ஹெலன் எட்வர்ட்ஸ். இந்தியாவும் பங்களித்திருக்கிறது. செர்ன் முடுக்கிக்கான சிறிய திருத்தக் காந்தங்களில் ஏறத்தாழ பாதி, இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தின் பொறுப்பில் இங்கே செய்யப்பட்டவை.

திட்டத்தை வகுத்தவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் நிலைக்கின்றன. சுருளைச் சுற்றியவர், இணைப்பைச் சேர்த்தவர் யாரென்று நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சரியாக நடக்கும்வரை அந்த வேலை கண்ணில் படுவதில்லை. தவறினால்தான் உலகச் செய்தி. அறிவு வேறு, கைவேலை வேறு என்று பிரித்து வைத்ததன் விளைவு இது. அந்தப் பிரிவினையில் பெண்கள் எந்தப் பக்கம் நிறுத்தப்பட்டார்கள் என்பதை எங்கள் வீட்டுத் தறியே எனக்குச் சொல்லிவிட்டது.

அம்மாவிடம் அந்த விபத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "பிணைச்சதும் ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாக்கலியா?" என்று கேட்டாள்.

பல வருடம் கழித்து அவர்கள் செய்தது அதைத்தான்.