கூடமும் ஆட்டமும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு வழிகள். ஒன்று கோயில். மற்றது வீட்டுக் கூடத்தில் விரித்துப் போடும் பரமபத சோபான படம். தாயக்கட்டையை உருட்டி, ஏணியில் ஏறி, பாம்பின் வாயில் விழுந்து, விடிவதற்குள் யாராவது ஒருவர் வைகுண்டம் போய்விடுவார். இதைப் பக்தி என்று எழுதியவர்கள் உண்டு. பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. ஆட்டம் என்று பார்த்தவர்கள் குறைவு. ஒரு வாழ்க்கைப் பார்வையைக் கட்டங்களாகவும் விதிகளாகவும் மாற்றி, ஆடுகிறவனை அதற்குள் நடக்கவிட்டு உணர வைக்கும் வடிவம் அது. அது கதை சொல்வதில்லை. கதை நேரும்படி செய்கிறது. கம்ப்யூட்டர் ஆட்டங்களைப் பற்றி ஓர் இலக்கியப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடை கிடைத்திருக்கிறது. பழைய கோயில்களின் கல்தளத்தில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் இன்றும் தெரிகின்றன. கோடு கீறியவன் பெயர் எங்கும் இல்லை. கரித்துண்டும் புளியங்கொட்டையும் இருந்தால் யாரும் ஆடுகளம் வரையலாம். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு விதிகளை மாற்றலாம். தாயத்தில் எந்தக் கட்டத்தில் வெட்டக் கூடாது என்பதில் என் பாட்டிக்கும் எதிர் வீட்டுக்காரிக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆடுகிறவர்களும் ஆட்டத்தைச் செய்கிறவர்களும் ஒரே ஜனங்களாக இருந்த காலம் அது. இந்த ஒற்றுமை எப்போது பிரிந்தது என்பதே என் கேள்வி.

1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சில இளைஞர்கள் பிடிபி-1 என்ற இயந்திரத்தில் ‘ஸ்பேஸ்வார்’ ஆட்டத்தை எழுதி முடித்தார்கள். அதற்கு விலை இல்லை. நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தினார்கள். பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1972இல், ரால்ஃப் பேர் உருவாக்கிய ‘ஒடிஸி’ கடைக்கு வந்தது. டெலிவிஷனோடு இணைத்து வீட்டில் ஆடும் முதல் இயந்திரம். திரையில் அதனால் காட்ட முடிந்தது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். மைதானமும் வலையும் வேண்டுமென்றால் வண்ணம் பூசிய பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் சீட்டுகளும் பகடையும்கூட இருந்தன. பரமபத படத்தைச் சுவரில் மாட்டி ஆடுவதற்கு இது வெகு தூரத்தில் இல்லை. ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. களத்தை இனி கம்பெனி வரையும், கூடம் ஆடும்.

சென்னையில் டெலிவிஷன் 1975 ஆகஸ்டில் வந்தது. எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேரவே பல வருஷம் ஆயிற்று. ஆட்டம் அதன் பின்னால் வந்தது, அதுவும் திருட்டு உருவத்தில். ஜப்பானின் நின்டென்டோ இயந்திரத்தை நகல் செய்த மலிவான பெட்டிகளும், லட்சக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் பொய் சொன்ன கேஸட்டுகளும்தான் தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் நாங்கள் கண்டவை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ‘காண்ட்ரா’வும் ‘மரியோ’வும் யார் செய்தவை என்று எங்களுக்குத் தெரியாது, அந்தக் கேள்வியே எழவில்லை. கோயில் கல்தளத்தைப் போலவே இங்கும் பெயர் இல்லை. ஆனால் அங்கே பெயர் தேவைப்படாததற்குக் காரணம், களம் எல்லோருடையதாகவும் இருந்தது. இங்கே எங்களுடையது எதுவும் இல்லை.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சரித்திரம். 2006க்குப் பின் அரசு கொடுத்த பதினான்கு அங்குல வண்ணத் தொலைக்காட்சி கூடத்தில் உட்கார்ந்தது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. மற்ற ஊர்களில் வசதியுள்ளவன் வாங்கியதை இங்கே மில் தொழிலாளியின் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்தாள். என் வீட்டிலும் தங்கைக்குக் கிடைத்ததுதான் முதல் கம்ப்யூட்டர். கல்விக்காகக் கொடுத்ததில் பிள்ளைகள் ஆட்டம் ஆடுகிறார்கள் என்று அப்போது பலர் வருத்தப்பட்டார்கள். என் வருத்தம் வேறு. ஆடினார்கள் சரி, ஏன் ஒருவரும் செய்யவில்லை?

ஏனென்றால் அதே வருஷங்களில் வெளியே செய்துகொண்டிருந்தார்கள். ஜப்பானில் தாய்சுகே அமாயா என்ற தனி மனிதர் கிடைத்த ஓய்வு நேரங்களில் ஏறக்குறைய ஐந்து வருஷம் உழைத்து, படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து, 2004இல் ‘கேவ் ஸ்டோரி’யை இலவசமாக வெளியிட்டார். 2008இல் ஜோனதன் ப்ளோவின் ‘ப்ரெய்ட்’ வந்தது. செய்த தவறைக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி அழித்துவிடலாம் என்பதையே விதியாக வைத்து, அந்த ஆசையின் மறுபக்கத்தையும் காட்டிய ஆட்டம். 2016இல் எரிக் பரோன் தனியாளாக ‘ஸ்டார்ட்யூ வேலி’யை முடித்தார். இண்டி என்று அழைக்கப்படும் இந்தச் சுயேச்சை ஆட்டங்களைக் கண்டதும் நமக்குச் சிறுபத்திரிகை ஞாபகம் வராமல் இராது. 1959இல் ‘எழுத்து’வைத் தொடங்கி, பிரதிகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போன சி.சு. செல்லப்பா ஞாபகம் வராமல் இராது. பகலில் சம்பள வேலை, இரவில் சொந்த வேலை என்ற வாழ்க்கை வங்கிக் கவுண்ட்டரில் உட்காரும் எனக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் இந்த ஒப்புமையில் சொக்கிப்போய்விடக் கூடாது. ‘எழுத்து’ போன தோளுக்கு முதலாளி இல்லை. சுயேச்சை ஆட்டம் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் 2003இல் வால்வ் கம்பெனி தொடங்கிய ‘ஸ்டீம்’ என்ற கடை. விற்றதில் முப்பது சதவீதம் கடைக்கு என்பது அங்கே பொது விதி. 2012இல் அதே கம்பெனி, கம்ப்யூட்டரைக் கூடத்து டெலிவிஷனோடு இணைத்துச் சாய்ந்து உட்கார்ந்து ஆடுவதற்கென்று தனித் திரையமைப்பும் கொடுத்தது. வசதிதான். ஆனால் சுயேச்சை என்ற சொல்லின் கீழ் ஒரு வாடகை ஓடிக்கொண்டிருப்பதை விமர்சகன் மறைக்கக் கூடாது.

இந்தச் சூழலில்தான் ‘வெண்பா’ வந்தது. 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு வெளியிட்ட ஆட்டம். 2024இல் சுயேச்சை ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதல் பரிசும், அறிமுகப் படைப்புக்கான பிரிட்டிஷ் பாஃப்டா விருதும் பெற்றது. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன் என்ற தம்பதி. அவர்களுக்கு அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை ஆடுகிறவர் யூகித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

விருதைவிட எனக்கு முக்கியமானது, அதை என் வீட்டுக் கூடத்தில் ஆடியபோது நடந்த ஒன்று. இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் நான் திணறிக்கொண்டிருந்தேன். மௌஸை ஒருநாளும் தொட்டிராத அம்மா பின்னாலிருந்து சொன்னாள்: “குழிக்கு நேரா குழி வைக்காதப்பா, மாத்தி வையி. மேல் தட்டு அமுக்கிரும்.” ஐந்து வருஷம் இங்கிலீஷ் இலக்கியம் பற்றிப் பேசிய நான் தோற்ற இடத்தில், யாரும் அறிவு என்று எண்ணாத ஓர் அறிவு வென்றது. இந்த ஆட்டத்தின் வடிவச் சாதனை இதுதான். அழிந்த வரி என்பது இங்கே உருவகம் இல்லை. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. தாய்க்கும் மகனுக்கும் நடுவே பாஷை தேய்வதை நாவல் வர்ணிக்கும். இங்கே தேய்ந்த இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது.

குறையும் உண்டு. சமையலில் எப்போதும் ஒரே சரியான விடை. தவறாக வெந்த இட்லிக்கும் ஒரு வீட்டில் கதை இருக்கும் என்பதை ஆட்டம் விட்டுவிடுகிறது. வீடு, அம்மா, சாப்பாடு என்ற முக்கோணம் நம் சினிமா தேய்த்துத் தேய்த்து வழுக்கலாக்கிய தரை. சில இடங்களில் ஆட்டமும் அதில் வழுக்குகிறது. இருந்தாலும் இது ஒருவர் அனுபவத்திலிருந்து வந்த படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்படியானால் அது ஏன் டொராண்டோவிலிருந்து வந்தது? இங்கே மடிக்கணினி வந்த ஐந்தாம் வருஷம், 2016இல், மலிவான டேட்டா வந்தது. ஆட்டம் கூடத்திலிருந்து உள்ளங்கைக்குப் போயிற்று. கூட இருந்து பார்க்கிறவர், குறுக்கே பேசுகிறவர், திருத்துகிறவர் எல்லாரும் போனார்கள். அதன்பின் ஆன்லைன் ஆட்டம் என்றாலே பத்திரிகைகளில் சூதாட்டம், கடன், தற்கொலை. தமிழ்நாடு 2022இல் அதற்கென்று சட்டம் இயற்றிற்று. 2025இல் மத்திய அரசு பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. அந்தச் சட்டங்களின் நியாயம் வேறு விஷயம். ஆனால் ஆட்டம் என்ற சொல்லின் மேல் படிந்த கறையில் படைப்புக்கான இடமும் சேர்ந்து மறைந்துவிட்டது. அதை எடுத்துச் சொல்ல வேண்டிய நாமோ மௌனமாக இருந்தோம். புதுக்கவிதையைப் பண்டிதர்கள் எந்த முகத்தோடு பார்த்தார்களோ, அந்த முகத்தை நாம் கடன் வாங்கிக்கொண்டோம்.

ராஜபாளையத்தில் 1936இலிருந்து நூற்பு ஆலை இருக்கிறது. இரவு ஷிப்டில் ஒரு பெண் வரிசை வரிசையாகச் சுழலும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்கிறாள். அறுந்த இழையைக் கண்டுபிடிக்க வேண்டும். மெஷின் ஓடும்போதே ஒட்ட வேண்டும். அதற்குள் பின்னால் இன்னொன்று அறுந்திருக்கும். இதை நான் சிறுகதையாக இரண்டு முறை எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அந்த வேலையில் நிகழ்ச்சி இல்லை. திரும்பத் திரும்ப வருவது மட்டும்தான் இருக்கிறது. கதைக்குள் அது சலிப்பாகிறது. ஆட்டத்துக்கோ அதுவே விதி. ஆடுகிறவனின் விரல் வலிக்கும்போது அவளுடைய எட்டு மணி நேரம் கொஞ்சமாவது அவனுக்குள் இறங்கும்.

இதைச் செய்யக்கூடிய ஒருவர் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஓடும் ஏதோவொரு டவுன்பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கலாம். வீட்டில் அந்தப் பழைய மடிக்கணினி பேட்டரி போய்ப் பரண்மேல் கிடக்கலாம். அவர் செய்து கொண்டுவரும் நாளில், அதை வாசிக்கத் தெரிந்த நான்கு பேராவது இங்கே இருக்க வேண்டும். வருகிற ஏகாதசிக்குப் பரமபத படத்தை விரிக்கும்போது, அதையும் ஒருவர் செய்தார் என்ற நினைவோடு ஆடிப் பார்க்கலாம். பழக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.