பசுந்தட வழக்கு (இங்கிலாந்து)
இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் தார் போடாத பழைய வண்டித்தடங்களான ‘பசுந்தடங்களில்’ மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்பது, நடப்போருக்கும் ஓட்டுவோருக்கும் இடையே தீராத வழக்கு. குதிரைவண்டிக்கு உரிமையிருந்த பாதையில் மோட்டார் வண்டிக்கும் உரிமை உண்டு என்பதே முந்தைய சட்டநிலை. இயற்கைச் சூழல், ஊரகச் சமூகங்கள் சட்டம் (2006) அதை மாற்றியது: பொதுவழிப் பதிவேட்டில் ஏறாத மோட்டார் வழியுரிமைகள், சில விலக்குகள் நீங்கலாக, அற்றுப்போயின. திறந்துள்ள தடங்களிலும் பதிவெண், காப்பீடு, உரிமம் கட்டாயம். சில தடங்களோ மூடப்பட்டும் உள்ளன: பீக் மாவட்டத் தேசியப் பூங்காவின் லாங் காஸ்வே தடத்தை அந்தப் பூங்காவின் ஆணையமே மோட்டார் வண்டிகளுக்கு மூடியது.

நடப்போர் எதிர்ப்பதற்குக் காரணம் தடத்தின் சேதம்: ஈரமண்ணில் சக்கரம் சுழன்ற இடத்தில் பள்ளம் விழுந்து நீர் தேங்குகிறது. நடப்பவர் ஓரத்துப் புல்லை மிதித்து விலக, பாதை அகன்றுகொண்டே போகிறது. நடப்போரின் இந்தக் குறை உண்மையானது. ஆனால் டிராக்டரும் கனத்த ஜீப்புகளும் செய்யும் சேதத்தையும் மோட்டார் சைக்கிள்மேல் ஏற்றுவது நியாயமன்று. ஓட்டுவோர் தரப்பிலும் ஒழுங்கு உண்டு: 1970இல் தொடங்கிய அவர்களின் அமைப்பான டிரெயில் ரைடர்ஸ் ஃபெலோஷிப், குதிரை எதிர்ப்பட்டால் எஞ்சினை அணைத்து நிற்கும்படி தன் உறுப்பினர்களுக்கு நெறி வகுத்திருக்கிறது.