லீ-என்ஃபீல்டு ரைபிளின் மேகசின்: கோளாறுகளும் சீரமைப்பும்

லீ-என்ஃபீல்டு, பிரிட்டிஷ் பேரரசின் படைகள் 1895 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்த .303 அங்குல போல்ட் ரைபிள். இந்தியக் காவலர்களின் பேச்சில் இது ‘த்ரீ நாட் த்ரீ’. ட்ரிக்கருக்கு முன்னால் கீழ்நோக்கித் துருத்தி நிற்கும் எஃகுத் தகட்டுப் பெட்டியே இதன் மேகசின். 10 தோட்டாக்கள் கொள்ளும். பழைய ரைபிள் ஒன்றில் தோட்டா சரியாக ஏறவில்லை என்றால், குறை பெரும்பாலும் இந்தப் பெட்டியிலோ அதை நிரப்பிய விதத்திலோதான் இருக்கும். தோட்டாவைத் தள்ளி மூடும் போல்ட்டையும் தோட்டா அமரும் சேம்பரையும் முதலில் அராவத் தொடங்குவது நல்ல ரைபிளைக் கெடுக்கும் வழி.

தோற்றம்

கழற்றக்கூடிய பெட்டி மேகசின் ஜேம்ஸ் பாரிஸ் லீயின் கண்டுபிடிப்பு. 1831-இல் ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் பிறந்து, குடும்பத்தோடு கனடாவுக்குப் போய், பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சினில் குடியேறியவர் லீ. அவர் காலத்தில் பல தோட்டா ரைபிள்களில் பெரும்பாலானவை குழாய் மேகசின் கொண்டவை: குழலுக்கு அடியிலோ கட்டைக்கு உள்ளேயோ தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு தோட்டா தீரும்போதும் ரைபிளின் எடைச் சமநிலை மாறும். கூர்முனைத் தோட்டா என்றால், பின்னதன் முனை முன்னதன் பற்றவைப்பு மூடியில் முட்டி நிற்கும் ஆபத்தும் உண்டு. தோட்டாக்களைப் போல்ட்டுக்கு நேர்க்கீழே அடுக்கி, அடியிலிருந்து ஸ்பிரிங்கால் தள்ளினால் இந்த இரண்டு தொல்லைகளும் தீரும் என்று லீ கண்டார். 1879 நவம்பர் 4 அன்று அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை வேண்டிய ரைபிள்களைச் செய்யத் தொடங்கிய ஷார்ப்ஸ் நிறுவனம் 1881-இல் மூடப்பட, வேலை ரெமிங்டன் கைக்குப் போனது. அமெரிக்கத் தரைப்படை லீயின் அருமையை உணரவில்லை, பிரிட்டன் உணர்ந்தது.

1888-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ-மெட்ஃபோர்டு ரைபிளின் மேகசினில் 8 தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் நின்றன. 1892-இல் வந்த இரண்டாம் வகையில் அது இடவலமாக மாறி அடுக்கும் 10 தோட்டாப் பெட்டியானது. குழலின் உட்பள்ளங்களைக் கார்டைட் வெடிமருந்து விரைவில் அரித்ததால், 1895-இல் என்ஃபீல்டு ஆலையின் ஆழமான பள்ளங்கள் வந்தன. பெயரும் லீ-என்ஃபீல்டு ஆனது. தொடக்க கால மேகசின்கள் தொலைந்துவிடாதபடி சிறு சங்கிலி வளையத்தால் ரைபிளோடு பிணைக்கப்பட்டிருந்தன. மேகசினைத் தேவைப்படும்வரை சேமித்து வைத்து, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடுவதற்கென்று ‘கட்-ஆஃப்’ என்னும் தகடும் பக்கவாட்டில் இருந்தது. முதல் உலகப் போரின் நடுவில் உற்பத்தியை எளிதாக்க அதைக் கைவிட்டார்கள். 5 தோட்டாக் கிளிப்பை மேலிருந்து அழுத்தி நிரப்பும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதன்பின் மேகசினைக் கழற்றுவது துடைப்பதற்கு மட்டுமே என்றானது.

விளிம்புச் சிக்கல்

.303 தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. அதன் விட்டம் சுமார் 13.7 மி.மீ.; தோட்டாவின் உடல் அடிப்பகுதியில் சுமார் 11.7 மி.மீ. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து நகரப் பார்த்து இறுகிவிடும். இதுவே விளிம்புப் பூட்டு. இதை ரைபிளின் குற்றமாகச் சொல்வது சரியல்ல; நிரப்பும் முறையின் குற்றம் அது. உதிரித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடும்போது ஒவ்வொரு விளிம்பும் தனக்குக் கீழே உள்ளதற்கு முன்னால் அமர வேண்டும். கிளிப்பில் மூன்று விளிம்புகள் கீழாகவும் இரண்டு மேலாகவும் மாறி மாறி நிற்கும். அதனால் கிளிப்புக்குத் தலைகீழ் என்பதே கிடையாது. ரஷ்யாவின் மோசின்-நாகாந்த் (1891) இதே விளிம்புத் தொல்லைக்கு மேல்தோட்டாவைத் தனியே பிரிக்கும் கூடுதல் உறுப்பு ஒன்றைச் சேர்த்தது. லீயின் பெட்டிக்கு அப்படி ஒன்று தேவைப்படவில்லை.

பழுதும் திருத்தமும்

முதல் விதி: சேம்பரும் மேகசினும் காலியாக இருக்க வேண்டும், சோதனை முழுவதும் மருந்தில்லாப் பயிற்சித் தோட்டாவால் நடக்க வேண்டும். மேகசினைக் கழற்றி, தோட்டாக்களை அடியில் தாங்கும் உள்தாங்கியின் பின்பக்கத்தை அழுத்தினால் முன்பக்கம் பெட்டி மேல்விளிம்பின் உதடுகளைத் தாண்டி மேலெழும். ஸ்பிரிங்கோடு வெளியே எடுக்கலாம். பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த மேகசினில் கெட்டிப்பட்ட கிரீசும் துருவுமே தாங்கியைப் பிடித்து நிறுத்தும். அவற்றை நீக்கியதுமே பாதிக் கோளாறு போய்விடும். பக்கச் சுவரில் நசுங்கல் இருந்தால் உள்ளே பொருந்தும் கட்டையை வைத்துத் தட்டி நிமிர்த்துவர். கடைசித் தோட்டாக்கள் மட்டும் தலைகுனிந்து முட்டினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றுவதே சரி.

நுட்பமான வேலை உதடுகளில் இருக்கிறது. பெட்டியின் மேல்விளிம்பில் உள்மடிந்த அந்தத் தகடுகள்தான் தோட்டாவை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில், எந்தக் கணத்தில் விடுவது என்பதை நிர்ணயிக்கின்றன. அகன்றுபோனால் தோட்டா முன்கூட்டியே துள்ளும். நெருங்கிப்போனால் விட மறுக்கும். படையின் ஆயுதப் பழுதுபார்ப்பாளரான ஆர்மரர் ஒவ்வொரு மேகசினையும் அதற்குரிய ரைபிளில் பொருத்தி, உதடுகளை மயிரிழை அளவு வளைத்துச் சரிபார்ப்பார். ஆகவே ஒரு ரைபிளில் நன்றாக ஓடும் மேகசின் இன்னொன்றில் ஓடாதிருப்பதில் வியப்பில்லை. உருவம் ஒத்திருந்தாலும் லீ-என்ஃபீல்டின் முதலாம் எண், நான்காம் எண் வகைகளின் மேகசின்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை அல்ல. மொட்டை முனைக் குண்டுகளுக்கென்று செய்த மிகப் பழைய மேகசின்கள் 1910-இல் வந்த கூர்முனை ஏழாம் வகைத் தோட்டாவோடு ஒத்துப்போகாமல் முரண்டுவதும் உண்டு.

தோட்டாவின் மேலேயே போல்ட் வழுக்கிப் போய், எதையும் எடுக்காமல் மூடினால் மேகசின் தாழ்ந்து நிற்கிறது என்று பொருள். கையால் மேகசினை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இயக்கும்போது தோட்டா ஒழுங்காக ஏறினால், தேய்ந்தது மேகசினைப் பிடிக்கும் கொக்கியோ அது கவ்வும் பின்முகடோதான். உதட்டைத் தொடவே தேவையில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் குறடை எடுத்தவர்களால் வீணான உதடுகள் ஏராளம். ஒருமுறை விரிசல் கண்ட உதடு திரும்பாது.

இன்று

1904-இல் நிறுவப்பட்ட மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை, 1962 இந்திய-சீனப் போருக்குப் பின் இதே ரைபிளை விளிம்பில்லாத 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 வகைகளைச் செய்தது. அவற்றின் மேகசின் சதுரமான கோணம் கொண்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில் .303-க்கு விடை கொடுத்தது. இந்தியாவில் துப்பாக்கிப் பழுதுபார்ப்புத் தொழிலுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.